யன்மார் எஞ்சினும் சந்தாங்கேணி மைதானமும்

கல்முனைக் கரையில் ஏறிக் கிடக்கும் ஃபைபர் படகுகளின் பின்புறத்தைப் பார்த்தால் யமஹா என்ற பெயர் கண்ணில் படும். ஆழ்கடலுக்குப் போகும் பெரிய படகுகளுக்கு யன்மார் எஞ்சின். வலையிலிருந்து மீன் கழற்றுகிறவர்களுக்கு இந்த இரண்டு பெயர்களும் எண்ணெய்ச் செலவு, உதிரிப்பாகம், கடன் தவணை. ஜப்பானில் இதே இரண்டு கம்பனிகளும் உதைபந்தாட்ட அணிகளை வளர்த்தெடுத்தவை. அந்த நாடு கண்ட மிகப் பெரிய முன்கள வீரர்களில் இருவர் இவற்றின் வழியாக வந்தவர்கள்: யன்மாரில் குனிஷிகே கமமோட்டோ, யமஹாவில் மசாஷி நகயாமா.

ஜப்பானில் கோல் அடிப்பது ஒரு தொழிலாக மாறிய கதையை இந்தக் கடற்கரையில் இருந்துகொண்டு வாசிக்கும்போது ஒரு கேள்வி விடாமல் துரத்துகிறது. பந்து இங்கேயும் உருண்டது, பையன்களும் ஓடினார்கள். அப்படியிருக்க இங்கே அது ஏன் தொழிலாகவில்லை?

பெரியநீலாவணையில் தொடங்கி மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று தெற்கே போகும் இந்தக் கரையில் ஓர் ஊர் முடிந்து அடுத்த ஊர் தொடங்கும் இடம் வெளியாருக்குத் தெரியாது. கிழக்கே கடல், மேற்கே வயல், இரண்டுக்கும் இடையே மதிலோடு மதிலாக வீடுகள். கல்முனை மாநகர எல்லைக்குள் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்கிறார்கள். இந்த நெரிசலில் மைதானம் என்பது பெரிய சொத்து. கல்முனையில் அது சந்தாங்கேணி. மற்ற இடங்களில் பள்ளிக்கூட வளவு, அறுவடை முடிந்து அடுத்த விதைப்பு வரும் வரை காய்ந்து கிடக்கும் வயல், அதுவும் இல்லாவிட்டால் கடற்கரை மணல்.

மணலில் பழகியவன் ஆட்டம் தனி. காய்ந்த மணலில் பந்து உருளாது. தட்டிவிட்டால் இரண்டு முழத்தில் நின்றுவிடும். ஆகவே பந்தைக் காலால் கிளப்பி, மேலே வைத்தே கொண்டுபோக வேண்டும். அலை வந்து போன ஈரப் பட்டியில் அதே பந்து சறுக்கிக்கொண்டு ஓடும். கணுக்கால் இறுகிப்போகும், தொடை உரமேறும். அந்தக் காலோடு புல்தரைக்கு வருகிற பையன், தற்காப்பு வீரன் திரும்புவதற்குள் இரண்டடி முன்னால் நிற்பான். நேரமும் அளந்த நேரம்தான். அஸர் தொழுகை முடிந்து மைதானத்துக்கு வந்தால் மஃரிப் பாங்கு வரை, ஏறக்குறைய இரண்டரை மணித்தியாலம். பாங்கு கேட்டதும் ஆட்டம் எந்த நிலையில் இருந்தாலும் நின்றுவிடும். நோன்பு காலத்தில் பலர் தறாவீஹ் தொழுகை முடிந்து இரவில் விளையாடுவார்கள்.

இலங்கைக்குப் பந்தைக் கொண்டு வந்தவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கொழும்பில் இருந்த ஆங்கிலேயப் படையினர். கிழக்கிலே அதைப் பிடித்துக்கொண்டவை மிஷன் பள்ளிக்கூடங்கள். கல்முனை உவெஸ்லி 1883இல் தொடங்கியது. மட்டக்களப்பில் புனித மிக்கேல் கல்லூரிக்கு 1947இல் அமெரிக்காவிலிருந்து இயேசு சபைத் துறவி ஹெரல்ட் வெபர் வந்தார். விளையாட்டையே தன் ஊழியமாக ஏற்றுக்கொண்ட மனிதர் அவர். மட்டக்களப்பு மைதானம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. முஸ்லிம் ஊர்களுக்கு ஆங்கிலக் கல்வி தாமதமாகத்தான் வந்தது. 1942இல் போர்க்கால உணவு உற்பத்திக்குப் பொறுப்பான உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்த ஏ. எம். ஏ. அஸீஸ் இங்கே கல்விக்கான முயற்சிகளுக்குக் கைகொடுத்தார். பின்னாளில் அவரே கொழும்பு ஸாஹிராவின் அதிபரானார். உதைபந்தாட்டத்தில் பேர்போன பள்ளிக்கூடம் அது. கல்முனை ஸாஹிரா 1949இல் தொடங்கியது. அதன் பிறகு இந்த ஊர்களின் பையன்களுக்கும் பாடசாலை அணி, பாடசாலைச் சீருடை, வெளியூர்ப் போட்டி எல்லாம் கிடைத்தன. பள்ளிக்கூடத்தை விட்டவர்களுக்கு ஊர்க் கழகங்கள் இருந்தன. கல்முனை சனிமவுண்ட், மருதமுனை ஒலிம்பிக் போன்ற பெயர்களை இந்தப் பக்கத்தில் தெரியாதவர்கள் குறைவு.

இதுவரை ஜப்பானுக்கும் கல்முனைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பள்ளிக்கூடம், மைதானம், ஆசை, அதற்கு மேல் ஊர்ப் பெருமை. வித்தியாசம் அடுத்த படியில்தான் தொடங்குகிறது.

1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜப்பான் அணி ஆர்ஜென்டினாவை 3-2 என்று வென்றது. கோல் அடித்தவர்களில் ஒருவர் சபுரோ கவபுச்சி. அந்த அணியைத் தயாரிக்க வந்திருந்த ஜேர்மன் பயிற்றுநர் டெட்மார் கிராமர் போகும்போது சொன்ன யோசனைகளில் முக்கியமானது, நாடு முழுவதற்கும் ஒரு லீக் வேண்டும் என்பது. மறு வருடமே, 1965இல், எட்டு அணிகளோடு லீக் பிறந்தது. எட்டில் ஏறக்குறைய எல்லாமே கம்பனி அணிகள்: இரும்பு உருக்கும் யவாட்டா, மின்கம்பி செய்யும் ஃபுருகவா, கார் செய்யும் டோயோ கோக்யோ, தறி இயந்திரம் செய்யும் டொயோடா, டீசல் எஞ்சின் செய்யும் யன்மார். தறிக்காரர் ஊரான மருதமுனையில் பிறந்தவர்கள் டொயோடாவை அங்கே தறி இயந்திரக் கம்பனியாகக் கண்டால் ஒரு கணம் நின்றுதான் போவார்கள்.

இந்த ஆட்டக்காரர்கள் பட்டியலில் அமெச்சூர்கள், வாழ்க்கையில் கம்பனி ஊழியர்கள். அலுவலக மேசை, மாதச் சம்பளம், வேலைக்குப் பின் பயிற்சி. ஆட்டம் ஓய்ந்த பிறகும் மேசை காத்திருக்கும். மகன் பந்தோடு திரிகிறான் என்று தகப்பன் கவலைப்படத் தேவையில்லாத ஏற்பாடு இது. ஒரு முன்கள வீரனின் 18 வயதுக்கும் 30 வயதுக்கும் இடைப்பட்ட காலத்தை யார் தாங்குவது என்ற கேள்விக்கு ஜப்பான் முதலில் கொடுத்த பதில் இதுதான். பெருந்தொகை ஒப்பந்தங்கள் எல்லாம் அதற்குப் பின்னால் வந்தவை.

கமமோட்டோ 1944இல் கியோட்டோவில் பிறந்தார். வசேடா பல்கலைக்கழகம் முடித்து 1967இல் ஒசாகாவின் யன்மாரில் சேர்ந்தார். அடுத்த வருடம் மெக்சிகோ ஒலிம்பிக். நைஜீரியாவுக்கு எதிராக மூன்று, காலிறுதியில் பிரான்சுக்கு எதிராக இரண்டு, வெண்கலப் பதக்கப் போட்டியில் மெக்சிகோவையே அதன் அஸ்டெக்கா அரங்கில் 2-0 என்று வீழ்த்திய இரண்டும் அவருடையவை. மொத்தம் 7 கோல், தொடரிலேயே அதிகம். ஆசிய அணி ஒன்றுக்கு ஒலிம்பிக் உதைபந்தாட்டத்தில் கிடைத்த முதல் பதக்கம் அது. ஐரோப்பாவின் கண் அவர் மேல் விழுந்த அந்த நேரத்தில், 1969இல், கல்லீரல் அழற்சி அவரைப் படுக்கையில் தள்ளியது. உலகக் கிண்ணத் தகுதிப் போட்டிகள் போயின. ஆனால் பிழைப்பு போகவில்லை. தேறி எழுந்து யன்மாருக்கே ஆடினார். 1984இல் ஓயும்போது லீக்கில் 251 ஆட்டங்களில் 202 கோல், நாட்டுக்காக 76 ஆட்டங்களில் 75 கோல். 2025 ஆகஸ்டில் தன் 81ஆவது வயதில் அவர் காலமானபோதும் அந்த 75ஐ ஜப்பான் ஆண்கள் அணியில் எவரும் தாண்டியிருக்கவில்லை.

இலங்கை இந்தப் பாதையில் பிந்தித் தொடங்கிய நாடு அல்ல. உதைபந்தாட்டச் சங்கம் 1939இலேயே அமைந்தது. 1952இல் இந்தியா, பாகிஸ்தான், பர்மாவோடு கொழும்பில் நாற்கோணப் போட்டி நடத்தும் அளவுக்குத் துணிவும் இருந்தது. குறை எங்கே என்றால் தேசிய லீக்கில். அது 1985இல்தான் வந்தது, ஜப்பானுக்கு இருபது வருடம் கழித்து. அதுவரை ஆட்டத்தின் உயிர் கொழும்பிலும் அதைச் சுற்றிய மேற்குக் கரையிலும். பந்தாட்டக்காரனுக்கு நிலையான சம்பளம் தரும் இடங்கள் என்றால் முப்படைகள், பொலிஸ், கொழும்பு மாநகர சபை, துறைமுகம். கல்முனையிலிருந்து கொழும்புக்குத் தரைவழியாக முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். ரயில் மட்டக்களப்போடு நின்றுவிடும். மாலை பஸ் ஏறினால் விடியற்காலை கொழும்புக் கோட்டை. பயிற்சிக்கு அழைத்தார்கள் என்று ஒரு பையன் வாரத்துக்கு இரண்டு முறை போய்வரும் தூரம் அல்ல. கொழும்பில் உறவினர் வீடு இருந்தால்தான் அவனுக்கு அடுத்த படி. படைகளிலும் பொலிஸிலும் சேர்வது இன்னும் சிக்கல். உள்நாட்டுப் போர் தொடங்கிய பின் அந்தச் சீருடையை மகன் போடுவதை நினைத்துப் பார்க்கவே அஞ்சிய வீடுகள் இந்தக் கரையில் ஏராளம்.

தேசிய லீக் பிறந்த அதே 1985 கல்முனைக் கரைக்கு வேறு காரணத்துக்காக மறக்க முடியாத வருடம். அந்த ஏப்ரலில் காரைதீவில் தமிழ் முஸ்லிம் கலவரம் வெடித்தது. வீடுகள் எரிந்தன, குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. இந்தக் கரையின் ஆட்டத்துக்கு அதனால் நேர்ந்த இழப்பு எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை. பாண்டிருப்பும் மருதமுனையும், காரைதீவும் சாய்ந்தமருதும் வேலிக்கு வேலி தமிழ், முஸ்லிம் அயலூர்கள். நல்ல எதிரணி பக்கத்து ஊரில்தான் இருந்தது. முன்கள வீரன் கூர்மையாவது அப்படிப்பட்ட எதிரணியின் தற்காப்பில் மோதித்தான். அந்த ஊருக்குப் போக முடியாத நிலை வந்தபோது ஆட்டமும் சுருங்கிப்போனது. 1990 ஜூனில் போர் மறுபடி மூண்டபோது கல்முனை நகரமே அதன் வாயில் அகப்பட்டது. ஊரடங்குக்குள் மைதானங்கள் வெறுமையாகக் கிடந்தன. அஸருக்கும் மஃரிபுக்கும் நடுவே இருந்த அந்த இரண்டரை மணித்தியாலமும் பயத்துக்குள் போய்விட்டது.

வெளியே உலகம் நிற்கவில்லை. 1977இல் ஃபுருகவா அணியிலிருந்து யசுஹிகோ ஒகுடேரா ஜேர்மனியின் கோல்ன் கழகத்துக்குப் போனார். அங்கே சாதித்துத் திரும்பி 1986இல் ஜப்பான் லீக்கில் அதிகாரபூர்வமாகத் தொழில்முறை அந்தஸ்துப் பெற்ற முதல் இருவரில் ஒருவரானார். 1982இல் கசுயோஷி மியுரா என்ற 15 வயதுப் பையன் பள்ளிப் படிப்பை விட்டுத் தனியாகப் பிரேசிலுக்கு விமானம் ஏறினான். 1990இல் திரும்பி வந்தபோது சாண்டோஸ் கழகச் சட்டை போட்ட ஆட்டக்காரன்.

அந்த மியுரா காலத்து ஜப்பானோடுதான் இலங்கை மோதியது. 1994 உலகக் கிண்ணத்துக்கான தகுதிப் போட்டிகளின் முதல் சுற்றில் ஜப்பான், ஐக்கிய அரபு அமீரகம், தாய்லாந்து, பங்களாதேஷ் ஆகியவற்றோடு இலங்கையும் ஒரே குழு. 1993 ஏப்ரல் 15, டோக்கியோ: ஜப்பான் 5, இலங்கை 0. மே 5, டுபாய்: ஜப்பான் 6, இலங்கை 0. பத்து நாள் கழித்து மே 15இல் டோக்கியோ தேசிய அரங்கில் ஜப்பானின் தொழில்முறை லீக்கான ஜே லீக் தொடங்கியது. அந்த இரண்டு தோல்விகளை வெறும் பலவீனம் என்று எழுதிவிட்டுப் போவது நியாயமல்ல. இலங்கைப் பையன்கள் டோக்கியோவில் சந்தித்தது இருபத்தெட்டு வருடம் கம்பனிச் சம்பளத்தில் வளர்ந்து, முழுநேரத் தொழிலுக்குள் காலெடுத்து வைக்கும் நேரத்தில் இருந்த ஓர் அணியை.

ஜே லீக்கின் தலைவராக வந்தவர் அதே கவபுச்சி. கம்பனிப் பெயர்களை எடுத்துவிட்டு ஊர்ப் பெயர்களை வைக்கச் சொன்னார். கழகம் ஊருக்குச் சொந்தம், ஊர் அதைத் தாங்க வேண்டும் என்பது ஏற்பாடு. யமஹா அணி ஜூபிலோ இவாட்டா ஆனது, யன்மார் அணி செரெசோ ஒசாகா ஆனது. 1998 ஏப்ரலில் இவாட்டாவின் நகயாமா தொடர்ந்து நான்கு ஆட்டங்களில் ஹட்ரிக் அடித்தார், நான்கிலும் சேர்த்து 16 கோல். இரண்டு மாதம் கழித்து ஜமெய்க்காவுக்கு எதிராக உலகக் கிண்ணத்தில் ஜப்பானின் முதல் கோலும் அவருடையது.

கல்முனைக்காரர் கவனிக்க வேண்டிய ஊர் காஷிமா. பசிபிக் கரையில் அப்போது ஐம்பதாயிரம் பேர்கூட இல்லாத சிற்றூர். அங்கே இருந்தது ஓர் இரும்புக் கம்பனியின் இரண்டாம் பிரிவு அணி. ஜே லீக்கில் இடம் கேட்டபோது கிட்டத்தட்ட முடியவே முடியாது என்றுதான் கவபுச்சி சொன்னார். 15,000 பேர் இருக்கக்கூடிய, கூரை போட்ட அரங்கம் கட்டினால் பார்க்கலாம் என்றார். கட்டினார்கள். பிரேசில் ஆட்டக்காரர் சீக்கோவையும் கூட்டிவந்தார்கள். 1993 மே 16இல் தங்கள் முதல் ஆட்டத்தில் நகோயாவை 5-0 என்று வென்றார்கள், அதில் மூன்று சீக்கோவினுடையவை. சனத்தொகையில் கல்முனை அன்றைய காஷிமாவைவிட இரண்டு மடங்கு பெரிய ஊர். பந்துப் பைத்தியம் குறைந்த ஊரும் இல்லை. காஷிமாவுக்குக் கிடைத்தது, இதைச் செய்தால் உள்ளே வரலாம் என்று வாய்திறந்து சொன்ன ஒரு லீக். அந்தப் பேச்சைக் கிழக்கோடு யாரும் பேசவில்லை.

1995இல் இலங்கை ஒரு முறை மேலே எழுந்தது. கொழும்பில் நடந்த தெற்காசியத் தங்கக் கிண்ண இறுதியில் இந்தியாவை 1-0 என்று வென்றது. நாடு கொண்டாடியது. ஆனால் மறுநாள் காலையில் ஒரு முன்கள வீரனின் வருமானத்தில் அது எதையும் மாற்றவில்லை. சம்மாந்துறையில் பிறந்து கல்முனையில் வளர்ந்த எம். எச். எம். அஷ்ரஃப் 1994இல் துறைமுக அமைச்சரானபோது கிழக்கின் இளைஞர் பலர் துறைமுக அதிகார சபையில் வேலை பெற்றனர். கம்பனி வேலையும் பந்தும் ஒன்று சேரும் வழி இந்தக் கரைக்கு அகலமாகத் திறந்தது என்றால் அந்தச் சில வருடங்களில்தான். 2000 செப்டெம்பர் 16இல் ஹெலிகொப்டர் விபத்தில் அவர் இறந்தார்.

மற்றப்படி வேலை என்றால் கடலுக்கு அப்பால். சவூதி, கத்தார், டுபாய். இருபது வயதில் பாஸ்போர்ட் எடுத்து, இருபத்திரண்டில் விமானம். ஒரு முன்கள வீரன் உச்சத்துக்கு வருகிற வயதும் அதுதான். ஊர்க் கழகங்களில் முன்வரிசை மட்டும் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை புதிதாகி விடுவதற்குக் காரணம் வேறில்லை. பந்தை வைத்தே சம்பாதிக்க நினைத்த இலங்கையருக்குப் பக்கத்து வழி மாலைதீவு லீக். மன்னாரின் டக்சன் பியூஸ்லஸ் அப்படிப் போனவர். தமிழ் பேசும் கரையோரப் பையன் ஒருவன் தேசிய அணியைத் தொட்டு, பந்தாலேயே வாழவும் முடியும் என்று காட்டியவர். 2022இல் மாலைதீவிலேயே அவர் வாழ்க்கை முடிந்தது. வடக்கும் கிழக்கும் இன்னும் அவரை நினைக்கின்றன.

2004 டிசெம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. இலங்கையில் சுனாமியால் அதிக உயிரிழப்பைச் சந்தித்த மாவட்டம் அம்பாறை, பத்தாயிரத்துக்கும் மேல். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகிய ஊர்களின் கடலோர வரிசைகள் துடைத்தெறியப்பட்டன. மணலில் ஆடிய பையன்களின் வீடுகள் அந்த வரிசைகளில்தான் இருந்தன. கிண்ணங்கள், அணிப் படங்கள், சான்றிதழ்கள் என்று வீட்டு அலுமாரியில் இருந்த ஊர் ஆட்டத்தின் வரலாறும் தண்ணீரோடு போனது. கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாது என்ற விதி கிழக்கில் வந்தபோது, உள்ளே எஞ்சியிருந்த காலி நிலத்துக்கு முதல் உரிமை கூரைக்காயிற்று. அதில் தவறு சொல்ல யாருக்கும் மனம் வராது. மைதானத்துக்கான இடம் மட்டும் இன்னும் குறைந்துவிட்டது. 2011 மார்ச் 11இல் ஜப்பானின் முறை வந்தது. பூகம்பத்தில் காஷிமா அரங்கமும் சேதமடைந்தது. சில மாதங்களில் அங்கே மறுபடி ஆட்டம் தொடங்கியது.

இலங்கையில் தொழில்முறைப் பாதைக்கு அடித்தளம் என்று சொல்லப்பட்ட சூப்பர் லீக் 2021இல் வந்தது. ஜே லீக் தொடங்கியபோது இருந்தது போலவே பத்துக் கழகங்கள். கொழும்பு, களுத்துறை, பேருவளை, வென்னப்புவ, நாவலப்பிட்டி என்று அவை விரிந்தன, படையினருக்கும் இடம் கிடைத்தது. கிழக்கு மாகாணத்திலிருந்து ஒன்றும் இல்லை, வடக்கிலிருந்தும் இல்லை. கொவிட் அந்தப் போட்டியையும் இடையில் நிறுத்தியது. 2023 ஜனவரியில் ஃபிஃபா இலங்கைச் சங்கத்தையே தடை செய்தது. தடை நீங்க ஆகஸ்ட் ஆனது.

அந்த 2021 ஜூன் 5இல் தென்கொரியாவின் கோயாங் நகரில் உலகக் கிண்ணத் தகுதிப் போட்டி ஒன்றில் லெபனானிடம் இலங்கை 2-3 என்று தோற்றது. இலங்கையின் இரண்டு கோலையும் அடித்தவர் அஹமட் வசீம் ரஸீக். கல்முனையில் எந்தத் தெருவிலும் கேட்கக்கூடிய பெயர். ஆனால் அவர் 1994இல் பெர்லினில் பிறந்தவர், ஜேர்மன் கழகங்களில் பயிற்சி பெற்றவர். சிறுவர் அணி, இளைஞர் அணி, இரண்டாம் அணி, சம்பள ஒப்பந்தம் என்று ஒவ்வொரு படியும் அவருக்கு அங்கே கிடைத்தது. இப்போது தேசிய அணிக்கு முன்கள வீரர்களைத் தேடுகிறவர்கள் ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் வளர்ந்த இலங்கை வம்சாவளியினரைத்தான் அதிகம் பார்க்கிறார்கள். அவர்கள் வருவதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. வருத்தம் சந்தாங்கேணியை எண்ணித்தான். அங்கே 16 வயதில் பந்தைக் காற்றிலேயே நிறுத்தி உதைக்கும் பையனுக்கு இன்றைக்கும் மாவட்ட அணிவரை வழி உண்டு. அதற்கு மேலே போக ஒரு கிழக்கு மாகாணக் கழகமும், அவனைப் பத்து வருடம் தாங்கும் சம்பளமும், அந்தக் கழகத்தைச் சேர்த்துக்கொள்ளும் ஒரு லீக்கும் வேண்டும். மூன்றும் இன்னும் வரவில்லை.